மூன்று சட்டியும் ஒரு பூஜை மணியும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே எனக்குப் பல வருஷங்கள் போய்விட்டன. ஒவ்வொரு ஆடி மாதமும் எழுத உட்காருவேன். நாலு வரி எழுதுவேன். நிமிர்ந்து சாமி படத்தைப் பார்ப்பேன். காகிதத்தை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் செருகிவிட்டு எழுந்துவிடுவேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் தயக்கத்துக்குக் காரணம் அது இல்லை. சாமிக்கு அடிக்க வேண்டிய மணியை நான் நாய்க்கு அடித்தேன். அதை நாலு பேர் அறிய ஒப்புக்கொள்ள வேண்டுமே என்ற வெட்கம் ஒன்று. வாயைத் திறக்காதே என்று ஒரு அம்மாள் எனக்குச் சொல்லியிருந்தது இன்னொன்று. அந்த அம்மாள் இப்போது இல்லை. வெட்கப்படுகிற வயதும் எனக்குத் தாண்டிவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்துவிட்ட காலம். அரிசி மட்டும் இன்னும் ரேஷனில்தான். நான் துறைமுகத்தில் கிரேன்களுக்கு மசகு போடுகிற வேலையில் இருந்தேன். எனக்குக் கீழே இரண்டு பேர் இருந்ததால் எல்லோரும் என்னை மேஸ்திரி என்பார்கள். ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சமையல் மூலை, சுவரில் முருகன் படம், அதன் கீழே ஒரு மாடம். முன்கட்டில் வீட்டுக்காரம்மா இருந்தார். நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரு முற்றம். அதில் ஒரு கிணறு, ஒரு துவைக்கல், ஒரு முருங்கை மரம்.

வீட்டுக்காரம்மா கடலோடிக் குடும்பம். புருஷன் போன பிறகு மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டவர். அப்போது ஐம்பது வயது இருக்கும். விடியும்போதே கரைக்குப் போய் மீன் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் தெருத்தெருவாக விற்று முடித்துவிட்டு வருவார். மீந்ததை உப்புப் போட்டு முற்றத்தில் பாய் விரித்துக் காயவைப்பார். அவர் கரையில் நின்று கூப்பிட்டால் கட்டுமரத்தில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். மற்றபடி நல்ல மனுஷி. நாய் மட்டும் பிடிக்காது.

எங்களிடமோ மூன்று நாய்கள். ஒன்றையும் நாங்கள் தேடிப் போய்க் கொண்டுவரவில்லை.

முதலாவது, ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே காலியானபோது வந்தது. எதிர்வீட்டில் இருந்தவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். நாயை வாசலிலேயே விட்டுவிட்டார்கள். திரும்பி வரவே இல்லை. பூட்டின கதவுக்கு முன்னால் அது இரண்டு மாதம் படுத்திருந்தது. என் மனைவிதான் கஞ்சி ஊற்றி ஊற்றி, தினம் இரண்டடி இரண்டடியாகச் சட்டியை நகர்த்தி, எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். அந்த வீட்டில் அதை எப்படிப் பழக்கியிருந்தார்களோ, எந்த வீட்டு வாசற்படியையும் அது தாண்டாது. மழை கொட்டினாலும் படிக்கு வெளியேதான் நனைந்துகொண்டு நிற்கும். நான் சொல்லும் சமயத்தில் அதற்கு நல்ல வயது. பல் பாதிதான் இருந்தது. நாங்கள் அதைப் பெரியவர் என்றே சொல்வோம்.

இரண்டாவது, துறைமுக வாசலிலிருந்து என் டிபன் கேரியர் வாசனையைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்த பெண் நாய். சிவப்பு நிறம். செவலை என்றோம். மூன்றாவது அதனுடைய குட்டி. கூடப் பிறந்தவை எல்லாம் படகுக்காரர்களிடம் போய்விட்டன. இது ஒன்று மட்டும் போகமாட்டேன் என்று என் மனைவியின் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றது. தாயைவிடப் பெரிதாக வளர்ந்த பிறகும் அது குட்டிதான்.

நாய்க்கென்று தனியாகச் சமைக்கிற காலமா அது? வடிகஞ்சி, கேழ்வரகுக் களி, மீன் கழுவும்போது வெட்டிப்போட்ட தலை, வால் எல்லாம் ஒரு பானையில் கலந்துவிடுவாள். எங்கள் வீட்டு ஒழுங்கு ஒன்று உண்டு. சாயங்காலம் வேலை விட்டு வந்து, குளித்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, மணி அடிப்பேன். சாமிக்கு அடுத்தது வாயில்லாத ஜீவன். அதற்கு அப்புறம்தான் நாங்கள் சாப்பிடுவோம். ஒரு நாளும் இது மாறினதில்லை.

சண்டை வருவது அந்த இரண்டாவது கட்டத்தில்தான்.

செவலை அவசரக்காரி. குட்டி சாப்பிடுவதே கிடையாது. சட்டியைக் காலி செய்யும், அவ்வளவுதான். பெரியவர் அப்படி இல்லை. முதலில் சட்டியைச் சுற்றி வருவார். கஞ்சியை மட்டும் நக்குவார். பிறகு களியை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார். மீன் தலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வார். அந்தக் கடைசி வருவதற்குள் மற்ற இரண்டும் தங்கள் சட்டியைத் துடைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து நிற்கும். பெரியவர் உறுமுவார். குட்டி கேட்காது. அப்புறம் என்ன, மூன்றும் ஒரே உருண்டையாகப் புரளும். என் மனைவி கரண்டியோடு ஓடுவாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவேன். முருகா என்று சாப்பிட உட்கார்ந்த நாள் குறைவு.

ஓர் ஆனி மாதச் சாயங்காலம் அந்த உருண்டை, புரண்டுகொண்டே போய் வீட்டுக்காரம்மா காயவைத்திருந்த நெத்திலிப் பாய்மேல் விழுந்தது. அவர் துடைப்பத்தோடு நடுவில் புகுந்தார். பெரியவருக்குப் பார்வையும் கொஞ்சம் மங்கல். குட்டியின் காது என்று நினைத்து அந்த அம்மாவின் புடவைத் தலைப்பைக் கவ்வி இழுத்துவிட்டார்.

"யோவ் மேஸ்திரி! வெளிய வாய்யா! உன் பட்டாளம் இன்னா பண்ணிக் கீது பாரு!"

நான் விபூதிக் கையோடு ஓடினேன். நெத்திலி முற்றம் முழுவதும் சிதறிக் கிடந்தது. அந்தக் கலவரத்திலும் குட்டி அதில் நல்லதாகப் பார்த்துத் தின்றுகொண்டிருந்தது.

"அக்கா, நெத்திலிய நான் கழுவிக் காயவெச்சுத் தரேன்க்கா" என்றாள் என் மனைவி.

"நெத்திலிய கழுவுவே. பொடவைய இன்னாமே பண்ணுவே? போன பொங்கலுக்கு எடுத்தது. இஸ்து கிழிச்சிட்சு அந்தக் கெயம்!"

"அதுக்குக் கண்ணு தெரியல அக்கா" என்றேன் நான்.

"எனுக்குத் தெரியுது மேஸ்திரி. நல்லாத் தெரியுது. தெனம் வௌக்கு வெக்கிற நேரத்துல இதே பேஜாரு. இப்பச் சொல்றேன் கேட்டுக்கோ. உனுக்கும் எனுக்கும் ஒண்ணும் சண்ட இல்ல. அம்மனுக்குக் கூழு ஊத்துற ஞாயித்துக்கெயம வரிக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இதுங்க ஒயுங்கா துன்னக் கத்துக்கணும். நடுவுல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சண்ட வந்துச்சு, அந்தக் கெயவன் இங்க இருக்கக் கூடாது. நாய் வண்டி வந்தா நானே கைய காட்டி ஏத்தி வுட்டுடுவேன்."

நாய் வண்டி என்பது தெருவில் திரியும் நாய்களைப் பிடித்துப் போகிற கூண்டு வண்டி. அதில் ஏறின நாய் ஏதாவது திரும்பி வந்ததாக எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை. அன்று ராத்திரி என் மனைவி சாப்பிடவில்லை. ஒரு தடவை கதவடைத்துவிட்டுப் போனவர்களுக்காகக் காத்திருந்த ஜீவனை, இரண்டாவது தடவையும் ஒரு வாசலிலிருந்து அனுப்புவதா என்பதுதான் அவளுக்கு. எனக்கும் அதேதான். ஆனால் ஆண்பிள்ளை என்று நான் சாப்பிட்டேன்.

மறுநாள் முதல் எங்கள் முயற்சிகள் ஆரம்பமாயின.

முதலில் மூன்று சட்டியையும் ஒரே வரிசையில் வைத்து, நடுநடுவே நாங்கள் இருவரும் உட்கார்ந்துகொண்டோம். பந்தி விசாரிக்கிற மாதிரி. குட்டி என் மடிமேல் ஏறிப் பெரியவர் சட்டிக்குப் போயிற்று; சண்டை மூளுவதற்குள் பிடித்து இழுத்துவிட்டோம். அடுத்து, இளசுகள் இரண்டையும் கட்டிப்போட்டுவிட்டுப் பெரியவருக்கு முதலில் வைத்தோம். அவை போட்ட ஊளையில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. முன்கட்டிலிருந்து, "இன்னா மேஸ்திரி, வூட்ல எதுனா எயவா?" என்று கேட்டது. பெரியவரோ அந்த ஊளையைக் கேட்டுச் சாப்பிடாமல் நின்றார். அவருக்கு மரியாதை தெரியும். அடுத்து, அவருக்கு மட்டும் எங்கள் அறைக்குள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அவர் படிக்கு வெளியே நின்று உள்ளே இருக்கும் சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வால் ஆடிற்று. கால் ஏறவில்லை. தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டேன். சட்டியைத் தொடாமல் வெளியே நடந்துவிட்டார்.

கடைசியில் கண்டுபிடித்தவள் என் மனைவிதான். "இன்னாங்க, பசியால மட்டும் இல்ல. ஒண்ணு சட்டி இன்னொண்ணு கண்ணுல படுது. அதான் சண்ட. கண்ணுல படாம வெச்சா?"

முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். முருங்கை மரத்தடியில் செவலைக்கு ஓர் இடம். கிணற்றுக்கு அந்தப் பக்கம் குட்டிக்கு ஓர் இடம். இரண்டுக்கும் நடுவில் கிணற்றுச் சுவர் மறைத்தது. மூன்றாவதுக்கு, இந்த இரண்டு இடத்திலிருந்தும் தெரியாத மூலை அந்த முற்றத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. துவைக்கல்லைத் தாண்டித் திரும்பினால், வீட்டுக்காரம்மாவின் சமையற்கட்டு வாசற்படியோரம்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரை இங்கே இருக்கக் கூடாது என்றாரோ, அவரையே அந்த அம்மாவின் படியில் கொண்டுபோய் உட்காரவைக்க அனுமதி கேட்க வேண்டும்.

என் மனைவி ஒரு பிடி முருங்கைக்கீரை பறித்துக்கொண்டு போனாள். நான் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற சாக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கீர இளசா இருந்துச்சு."

"கீரய வெச்சிட்டு விஷயத்தச் சொல்லு."

"ஒண்ணும் இல்லக்கா. பெரியவரு மட்டும் உங்க படியோரமா குந்தி துன்னட்டுமான்னு..."

"எந்தப் பெரியவரு? உங்க மாமனாரு வந்துகீறாரா?"

"இல்லக்கா. நாயி."

நான் வாளியைக் கிணற்றுக்குள் விட்டபடியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்மே, உனுக்கு மூள கீதா? பொடவ கிழிச்ச நாய்க்கு என் வூட்டு வாசல்ல பந்தியா?"

"அது படி தாண்டாதுக்கா. செத்தாலும் தாண்டாது."

"அது தாண்டாது. அது சட்டில குந்துற ஈயி தாண்டாதா?"

"துன்ன ஒடனே நானே கழுவி எடுத்துடறேன். ஆடி வரிக்கும்தான் அக்கா. நீங்க சொன்ன ஞாயித்துக்கெழம வரிக்கும்."

"நான் சட்டியத் தொட மாட்டேன். அது மூஞ்சியும் பாக்க மாட்டேன். கீரய ஆய்ஞ்சி வெச்சிட்டுப் போ" என்று கேட்டது. நான் வாளியை மேலே இழுத்தேன். தண்ணீரே எடுக்காமல் இழுத்திருக்கிறேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இடம் கிடைத்துவிட்டது. நேரம்தான் ஒத்துவரவில்லை. என் மனைவி முதல் சட்டியைத் தூக்கினால் மூன்றும் அதன் பின்னாலேயே ஓடும். அப்போதுதான் அந்த மணி நடுவில் வந்தது.

நான் கற்பூரம் காட்டி மணி அடிக்கும்போது மூன்றும் எங்கள் வாசலுக்கு வந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நிற்கும். அந்தச் சத்தம் அவற்றுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு நாள், அவை அப்படி மெய்மறந்து நிற்கிற நேரத்தில் என் மனைவி மூன்று சட்டியையும் மூன்று இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். மணி நின்றது. ஒவ்வொன்றையும் முதுகில் தட்டி அதனதன் சட்டிக்குக் கொண்டுபோய் விட்டோம். சண்டை இல்லை. மறுநாளும் அப்படியே. பத்துப் பன்னிரண்டு நாள் போனதும் தட்ட வேண்டிய வேலையும் இல்லாமல் போயிற்று. மணி சத்தம் கேட்டால் செவலை முருங்கையடிக்குப் போய் உட்காரும். குட்டி கிணற்றுக்குப் பின்னால் போய் உட்காரும். பெரியவர் துவைக்கல்லைச் சுற்றி நடந்து வீட்டுக்காரம்மாவின் படியோரம் போய் உட்காருவார். மணி நிற்கும்வரை ஒன்றும் அசையாது. மணி நின்றதும் தலை குனிந்து சாப்பிடும். நானும் என் மனைவியும் வாசலில் நின்று பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போவோம்.

என் தப்பு அங்கேதான் தொடங்கியது. முன்பெல்லாம் கற்பூரம் எரிகிறவரைதான் மணி. இப்போது கற்பூரம் அணைந்து புகையும் போன பிறகும், அவள் மூன்றாவது சட்டியை வைத்துவிட்டு வருகிறாளா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே அடித்தேன். கிருத்திகை அன்று எனக்கு விரதம். அடுப்பு மூட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் மணி அடிக்காமல் பூஜை உண்டா? அடித்தேன். மூன்றும் போய் உட்கார்ந்துவிட்டன. என் மனைவி என்னை முறைத்துவிட்டு அடுப்பை மூட்டினாள். "விரதம் நீங்கதானே வேண்டிக்கினீங்க? அதுங்களா வேண்டிக்கினுச்சு?" என்றாள். களி வேகிறவரைக்கும் நான் விட்டு விட்டு மணி ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நீளமான பூஜையை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுதுவதற்கு எனக்குக் கை வராத இடம் இதுதான். ஒரு நாள் கப்பல் வேலை இழுத்துவிட்டது. நேரம் கழித்து வந்தேன். கை முழுக்க மசகு. குளிக்கவில்லை, விளக்கேற்றவில்லை. நாய்கள் வாசலிலேயே நின்றன. "பாவம், சுருண்டு போச்சுங்க. ஒரு ஆட்டு ஆட்டிடுங்க" என்றாள். மாடத்திலிருந்து மணியை எடுத்து, முருகன் படத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். சாமி இல்லாமல், பூஜை இல்லாமல், நாய்க்கென்றே அடித்த மணி அது. அடுத்த வெள்ளிக்கிழமை திருவொற்றியூருக்கு நடந்தே போய் அம்மன் சன்னதியில் நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கேட்டுவிட்டு வந்து, சாயங்காலம் மறுபடியும் கற்பூரம் அணைந்த பிறகும் அடித்தேன்.

இதற்கிடையில் முன்கட்டில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. முதல் வாரம் வீட்டுக்காரம்மா, பெரியவர் வந்து உட்கார்ந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவார். இரண்டாவது வாரம் என் மனைவியிடம் புகார்.

"ஏன்மே, அது இன்னா என்னியே பாத்துக்கினு கீது?"

"அதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது அக்கா."

"தெரியாமயே இந்தப் பார்வ பாக்குது."

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் கிடையாது. சட்டியைக் கழுவ எடுத்துவந்த என் மனைவி அதை என்னிடம் காட்டினாள். அடியில் சங்கரா மீன் முள் ஒன்று, நன்றாக நக்கிச் சுத்தமாக இருந்தது. மறுநாள் வீட்டுக்காரம்மாவே கிணற்றடியில், எங்களைப் பார்க்காமல், "பூன துன்னாம வெச்சிட்டுப் போச்சு. சொம்மா கெடக்குதேன்னு போட்டேன்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். எங்கள் தெருவில் மீனைத் தின்னாமல் வைத்துவிட்டுப் போன பூனையை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் அவர் சொன்ன வாயிதா அப்படியே இருந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு மாதம் சண்டை இல்லாமல் போனது. கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

எங்கள் தெரு அம்மன் கோவில் சின்னது. கூழ் ஊற்றுகிற அன்று அதன் முன்னால் தெருவிலேயே கீற்றுப் பந்தல் போடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கூழ்ப் பானை வந்து பெரிய அண்டாவில் கலக்கும். முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு எல்லாம் படையலில் வரிசையாக இருக்கும். படைத்து, தீபாராதனை ஆன பிறகு எல்லோருக்கும் ஊற்றுவார்கள். ஊற்றுகிற கரண்டி எப்போதும் வீட்டுக்காரம்மா கையில்தான்.

காலையிலேயே செவலையையும் குட்டியையும் முருங்கை மரத்தில் கட்டினேன். இருந்தது ஒரே கயிறு. இரண்டையும் அதிலேயே சேர்த்துக் கட்டினேன். பெரியவர் எங்கே போகப் போகிறார் என்று அவரை விட்டுவிட்டேன். என் மனைவி இரண்டு கையிலும் பானையோடு பக்கத்துச் சந்து வழியாக வந்தாள். சந்துக் கதவைத் தாழ்போட அவளுக்கு மூன்றாவது கை இல்லை.

பூசாரி கற்பூரத்தட்டை எடுத்தார். இன்னொரு கையால் மணியை அடித்தார். என் மணி கைக்குள் அடங்கும். அது வெண்கலம், கடற்கரை வரைக்கும் கேட்கும்.

நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ சலசலப்பு. திரும்பினால், கழுத்தில் அறுந்த கயிற்றோடு குட்டி, அதன் பின்னால் செவலை, கடைசியில் நிதானமாகப் பெரியவர். இத்தனை பேர் நடுவில், அம்மன் படையலில், கருவாட்டுக் குழம்புக்காக மூன்றும் ஒரே உருண்டையாகப் புரளப் போகின்றன. பெரியவர் கதை இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"டேய், நாயி, நாயி! படையல்ல வாய் வெச்சிடப் போவுது!"

"கொம்ப எட்றா!"

யாரும் கொம்பை எடுப்பதற்குள் மூன்றும் பிரிந்தன. பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். செவலை அதன் அடியில் போய் உட்கார்ந்தது. குட்டி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து காதை மட்டும் வெளியே நீட்டிற்று. பெரியவர் கூட்டத்தின் நடுவே புகுந்து, மோந்து மோந்து நடந்து, கையில் கரண்டியோடு நின்ற வீட்டுக்காரம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். மூன்றும் மணியையே பார்த்தன. சத்தம் இல்லை.

கொம்பைத் தேடினவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு ஒருத்தி குலவை போட்டாள். "ஆத்தா இஸ்துகினு வந்துட்டா பாருடி! நாயும் கும்புடுது!" என்று ஒரு குரல். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரிக்குப் புல்லரித்துவிட்டது. இன்னும் வேகமாக அடித்தார். அவர் அடிக்க அடிக்க மூன்றும் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தன. ஜனங்கள் அதைப் பார்த்து இன்னும் உருகினார்கள். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

தலையைத் தூக்கியபோது வீட்டுக்காரம்மாவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் சாயங்காலம் அந்த மணியைக் கேட்டவர். அந்த நாய் தன் படிக்கு வந்து உட்காருவதைத் தினமும் பார்த்தவர். அவருக்குத் தெரியாததா? ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கும். வாயிதா நாளும் அதுதான். அவர் காலடியில் இருப்பதும் அவர் விரட்டச் சொன்ன நாய்தான்.

அவர் குனிந்து பெரியவரைப் பார்த்தார். அப்புறம் பூசாரியிடம் திரும்பினார்.

"மணிய நிறுத்துப்பா. அதுக்கு எச்சி ஊத்துது பாரு."

மணி நின்றது. அவர் ஒரு தொன்னையை எடுத்தார். அண்டாவிலிருந்து கூழ் மொண்டு, மேலே ஒரு கருவாட்டுத் துண்டைப் போட்டு, குனிந்து பெரியவர் முன்னால் வைத்தார்.

"இன்னாக்கா, ஜனங்களுக்கு முன்னாடியே நாய்க்கா?" என்றார் பூசாரி.

"சாமிக்குப் படைச்சாச்சில்ல? அடுத்தது வாயில்லாதது. மேஸ்திரி வூட்ல அதான் வயக்கம்." கூட்டத்தைச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "இன்னா எல்லாம் வெறிச்சிப் பாக்கறீங்க? இது என் வூட்டு நாயி. அந்த ரெண்டும் தள்ளிக் குந்திக்கினு கீதுங்க பாரு, அதுங்களுக்கும் எடுத்துக்கினு போய் வையி. ஒண்ணு சட்டி இன்னொண்ணு கண்ணுல படக் கூடாது."

என் வூட்டு நாயி என்று சொன்னது என் காதில் விழுந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். பெரியவர் தொன்னையை ஒரு சுற்றுச் சுற்றினார். முதலில் கூழை நக்கினார். கருவாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். தெருவே காத்திருந்தது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் அவரிடம் போய் நின்றேன். "அக்கா, அது சாமி இல்ல, என் மணி. சொல்லிடட்டுமா எல்லார்கிட்டயும்?"

"வாயத் தொறக்காதே மேஸ்திரி. சொம்மா இரு. ஜனங்க சந்தோசமா கீது. ஒன் மணியச் சொல்லி இன்னா ஆவப் போவுது?" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்தச் சட்டிய இனிமே நானே கழுவிக்கறேன். ஒன் பொண்டாட்டி கழுவுற லட்சணம், ஓரமெல்லாம் கலீஜு" என்றார்.

அதன் பிறகு பெரியவர் இரண்டு வருஷத்துக்கும் மேலே இருந்தார். கடைசிவரை எந்தப் படியையும் தாண்டவில்லை. அவர் தாண்டாததால் வீட்டுக்காரம்மாதான் சாயங்காலம் படிக்கு வெளியே வந்து உட்கார ஆரம்பித்தார். பெரியவர் போன பிறகும் அந்தச் சட்டி கழுவிக் கவிழ்த்தபடி அங்கேயே இருந்தது. எங்கள் தெருவில் கூழ் ஊற்றும்போது முதல் தொன்னை நாய்க்கு என்பது வழக்கமாகிவிட்டது. நானும் நாய்களுக்கென்று தனியாக ஒரு தகரத்தட்டைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரி, முருகனுக்கு ஆட்சேபம் இருந்தால் அவனே அந்தச் சத்தத்தை அவற்றின் காதில் விழாமல் செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். செய்யவில்லை.

இவ்வளவு நாள் கழித்து ஏன் எழுதுகிறேன் என்றால், போன ஆடியில் கோவில் வாசலில் ஒருவர் என்னிடமே இந்தக் கதையைச் சொன்னார். அவர் சொன்னதில் நாய்கள் ஏழு. கடலிலிருந்து நீந்தி வந்தனவாம். அம்மனை மூன்று சுற்றுச் சுற்றினவாம். பொறுமையாகக் கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கதையில் வீட்டுக்காரம்மா இல்லவே இல்லை. கரண்டியே இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அன்று அம்மன் வந்தாள் என்பதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. நாய்க்குள் வந்தாள் என்று அவர்கள் சொல்கிறார்கள். கரண்டி பிடித்த கைக்குள் வந்தாள் என்று நான் சொல்கிறேன்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது இதைச் சொல்லுங்கள். ஆனால் நாயை மூன்றுக்கு மேலே ஏற்றாதீர்கள். மணி என்னுடையது என்பதை மறைக்காதீர்கள். எனக்கு அவமானம் வருமே என்று பார்க்க வேண்டாம். கிழிந்த புடவையையும் விடாதீர்கள், அதற்கு அப்புறம் வைத்த சங்கரா முள்ளையும் விடாதீர்கள். அந்த அம்மா சொன்ன வார்த்தையை அவர் சொன்னபடியே சொல்லுங்கள்: இது என் வூட்டு நாயி.